ஆறு பை போதும், முதல் பை கீரைக்கு

மதுரையில் அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்துவிட்டு 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை நாலு மணிக்கு வழக்கம்போல முழிப்புத் தட்டியது. போவதற்கு டூட்டி இல்லை. மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். துணி காயப்போடும் கொடி, தண்ணீர் டேங்க், கால் உடைந்த ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அங்கே இருந்தது. இன்றைக்கு அதே மாடியில் செடி வளரும் 34 பை நிற்கிறது. ஆனால் மாடித்தோட்டத்தை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு ஆறு பை. அதில் முதல் பை கீரைக்கு.

நான் அப்படித் தொடங்கவில்லை. பணிக்கொடைப் பணம் கையில் இருந்த தெம்பில் ஒரே நாளில் 25 பை வாங்கினேன். டிராக்டர்காரரிடம் சொல்லிச் செம்மண், தெரிந்தவர் மாட்டுக் கொட்டகையிலிருந்து நாலு மூட்டை சாணி. அந்தச் சாணி குவித்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது. கத்தரி, தக்காளி, மிளகாய், பாகல், புடலை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நட்டேன். ஒரு மாதம் கழித்து, நன்றாக இருந்த தக்காளிச் செடி ஒன்று மத்தியானம் துவண்டது. சாயங்காலமும் நிமிரவில்லை. தண்ணீர் விட்டேன், இன்னும் துவண்டது. தண்டைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிட்டது, அடியில் வேரே இல்லை. பையைக் கவிழ்த்தேன். கட்டை விரல் தடிமனில், அரிவாள் மாதிரி வளைந்து, வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். மக்காத சாணியில் வண்டு முட்டை வைத்திருக்கிறது, புழு பொரித்து வேரைத் தின்றிருக்கிறது. 25 பையில் 17 போனது.

ஆறு பையோடு தொடங்கியிருந்தால் இதே தப்பை ஆறு பையில் கற்றுக்கொண்டிருப்பேன். புதிதாகச் செய்கிறவர் ஏதாவது ஒரு தப்பு செய்தே தீருவார். அதைச் சின்னதாகச் செய்வதுதான் புத்தி.

பை வாங்கும் முன் மாடியைப் பாருங்கள்

பன்னிரண்டு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம் உள்ள பையில் மண் கலவை நிரப்பித் தண்ணீரும் விட்டால் 15 முதல் 20 கிலோ வரும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்பதுதான் நம் நாட்டுக் கட்டுமானத் தர விதியில் போட்டிருக்கும் கணக்கு. அதனால் பைகளைக் கும்பலாக நடு மாடியில் குவிக்காதீர்கள். கீழே சுவரும் பீமும் ஓடும் இடத்துக்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவரை ஒட்டி, வரிசையாக வையுங்கள். பழைய வீடு, ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டுப் பின்னால் தளம் போட்ட வீடு என்றால் ஒரு கொத்தனாரையோ பொறியாளரையோ கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

பையைத் தரையில் அப்படியே உட்கார வைக்கக் கூடாது. அடியில் நாலு செங்கல், இல்லாவிட்டால் இரும்புத் தாங்கி. தண்ணீர் வடிந்து ஓடவேண்டும், தளம் காயவேண்டும், அடியில் கூட்டிவிட விளக்குமாறு நுழையவேண்டும். பிறகு வெயில். காய்க்கிற செடிக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரை நாலு மணி நேரம் கிடைத்தாலே சமாளித்துக்கொள்ளும். மாடி இல்லாமல் பால்கனி மட்டும் உள்ளவர்கள் கீரை, புதினா, பசலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கத்தரிக்கு ஆசைப்பட்டால் இலைதான் வளரும்.

பை 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை) தடிமன் உள்ளதாக வாங்குங்கள். மெல்லிய பை மதுரை வெயிலில் ஒரு வருடத்தில் பொடிந்து உதிர்ந்துவிடும். கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம்தான் வேண்டும். எட்டு அங்குல ஆழம் தாராளம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஓசியில் கிடைத்தால் விடாதீர்கள். நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டால் கத்தரிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

மண்

செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இவ்வளவுதான்.

இதில் இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நார்த்தூள் கட்டியை வாளியில் ஊறப்போட்டால் செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் வரும். அதில் உப்பு இருக்கிறது. இரண்டு, மூன்று தடவை அலசி ஊற்றிவிட்டுப் பிழிந்து எடுங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு, நார்த்தூளின் உப்பும் சேர்ந்தால் இலையின் ஓரம் தீய்ந்துபோகும். இரண்டாவது, தொழு உரம். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். சாணி வாடை அடித்தால் அது இன்னும் சாணிதான். மழை பெய்த மண்ணின் வாசனை வந்து, கறுப்பாக, டீத்தூள் மாதிரி உதிர்ந்தால்தான் உரம். 17 பை கொடுத்துக் கற்ற பாடம் இது.

கலவையை நிரப்பி, மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டு, ஒரு வாரம் தண்ணீர் மட்டும் தெளித்து வையுங்கள். மண் கொஞ்சம் அமுங்கும். அவசரப்பட வேண்டாம்.

முதல் பை

கீரை ஏன் முதலில்? மூன்று, நாலு வாரத்தில் பலன் தெரியும் என்பதால். கத்தரிக்குக் காத்திருக்கும் மூன்று மாதத்தில் புது ஆளுக்கு ஆர்வம் வடிந்துவிடும். சிறுகீரையும் முளைக்கீரையும் 21 நாளிலிருந்து 25 நாளுக்குள் வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். அரைக்கீரை 30 நாளில் முதல் அறுப்பு. தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் திரும்பத் தழையும், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருக்கலாம். நான் முதல் பையில் அரைக்கீரை போடச் சொல்வேன்.

விதை கசகசா அளவுதான் இருக்கும். கையில் அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் கொட்டும். ஒரு தேக்கரண்டி விதையோடு நாலைந்து பங்கு காய்ந்த மணலைக் கலந்து, சாம்பாருக்குப் பெருங்காயம் தூவுவதுபோலத் தூவுங்கள். மேலே மெல்லிசாக மண், விதை மறைந்தால் போதும். ஆழமாக மூடினால் முளைக்காது. தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியைச் சுட்டுப் பத்து ஓட்டை போட்டு அதில்தான் தெளிக்கவேண்டும். மக்கால் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும்.

அப்புறம் எறும்பு. முதல் முறை நான் தூவிய விதையை எறும்புகள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போனதை நானே நின்று பார்த்தேன், டிக்கெட் வாங்காமல் இறங்குகிற கூட்டம் மாதிரி. என் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, அதுக்கும் ஏதாவது போடுங்க, நம்மளுத விட்டுரும்" என்று ஒரு கை ரவையைப் பையைச் சுற்றித் தூவினாள். எறும்பு ரவைக்குப் போய்விட்டது. நாலு நாளில் முளைத்துவிட்டால் அப்புறம் தொந்தரவு இல்லை. இன்றுவரை அதுதான் எங்கள் முறை.

முளைத்ததும் பச்சைப் பாய் விரித்ததுபோல் நெருக்கமாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும். பத்தாவது நாளில் விரல் இடைவெளிக்கு ஒன்று விட்டு மற்றதைக் களையுங்கள். களைந்ததை எறிய வேண்டாம், பருப்பில் போட்டால் அதுதான் முதல் அறுவடை.

மீதி ஐந்து பை

இரண்டு பை வெண்டை, ஒன்று கத்தரி, ஒன்று மிளகாய், ஒன்று பீர்க்கு. இது என் தேர்வு. தக்காளியை ஏன் விட்டேன் என்றால், முதல் முறையிலேயே அதில் ஏமாந்துபோய் விட்டுவிட்டவர்கள் அதிகம். வைரஸ் சுருட்டை, பூ உதிர்வு, காய் அடி கறுப்பது என்று அதற்கு ஆயிரம் கோளாறு. இரண்டாவது பட்டத்தில், அதாவது அடுத்த விதைப்புப் பருவத்தில் போடுங்கள்.

வெண்டையை நேரடியாகப் பையில் ஊன்றலாம். விதையை இரவு ஊறவைத்து, பைக்கு மூன்று விதை, முளைத்ததில் நல்ல இரண்டை விடுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும். மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. பூத்த ஐந்தாறு நாளில் காய். நுனியை ஒடித்துப் பாருங்கள், 'டப்' என்று ஒடிந்தால் சட்டிக்கு, வளைந்தால் விதைக்கு. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செடி இரண்டு நாளைக்கு ஒரு காய்தான் தரும். நாலு செடியில் ஒரு வேளைப் பொரியல் ஆகாது, மூன்று நாள் சேர்த்து வைத்துச் சாம்பாரில் போடலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பொரியலே வேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு செடி வேண்டும். படங்களில் கூடை கூடையாகக் காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டு நடவேண்டியவை. பழைய டீ கப்பில் விதைத்து, கத்தரியை 25, 30 நாளிலும் மிளகாயை 35, 40 நாளிலும் எடுத்து நடலாம். நடுவது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். வேரைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியின் கரைசலில், லிட்டருக்கு பத்து கிராம், அரை மணி நேரம் நனைத்து நட்டால் வேரழுகல் குறைகிறது. மேலூர் ரூட்டில் ஓடியபோது ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வாசலில் எத்தனையோ ஆயிரம் தடவை விசில் ஊதி ஆள் இறக்கியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அதே நிறுத்தத்தில் பயணியாக இறங்கி, சூடோமோனாஸ் பாக்கெட்டோடு திரும்பினேன்.

எப்போது விதைப்பது என்று கேட்டால் ஆடிப்பட்டம்தான். ஜூலை நடுவில் தொடங்கும். செடி வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி மழை வரும். அதை விட்டால் தைப்பட்டம். கொத்தமல்லியை மட்டும் கார்த்திகை, மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போட்டால் இரண்டு இலை விட்டதும் பூத்துவிடும்.

பீர்க்கு பூக்கும் நேரம்

தோட்டத்தில் எனக்குப் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொடி பந்தலேறியதும் பூ கொத்துக் கொத்தாக வரும், பிஞ்சு ஒன்றும் நிற்காது. நிறையப் பேர் இந்த இடத்தில் உரம் போட ஓடுகிறார்கள். வேண்டாம். முதல் பத்துப் பதினைந்து நாள் வருவது ஆண் பூ. பெண் பூ பின்னால்தான் வரும், தனியாக, பூவுக்குக் கீழே விரல் நுனி அளவு ஒரு குட்டிப் பீர்க்கங்காயோடு. அந்தக் குட்டிக்காய் இரண்டு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம்.

மாடியில் தேனீ குறைவு. நாமே சேர்த்துவிடலாம். ஆனால் நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் காலையில் விரியும், எட்டு மணிக்குள் சேர்க்கவேண்டும். பீர்க்கும் சுரையும் புடலையும் சாயங்காலப் பூக்கள். இது தெரியாமல் நான் ஒரு மாதம் காலை ஆறு மணிக்குப் போய் வாடின பூவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். பேரன் பள்ளி விட்டு வந்து மாடியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன்தான், "தாத்தா, இப்பத்தான் பூ விரியுது" என்று கூப்பிட்டான். மணி ஐந்தே முக்கால். சுருட்டின குடை விரிவதுபோல் மஞ்சள் இதழ் ஒவ்வொன்றாக மலர்ந்தது.

ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மூன்று முறை மெதுவாக ஒற்றுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் மகரந்தம் பக்குவமாக இருக்கிறது. அவ்வளவுதான். மறுநாள் மறந்துவிடுங்கள். நாலாம் நாள் குட்டிக்காய் சுண்டு விரலைத் தாண்டியிருக்கும். பேரன் ஒற்றிவிட்ட பூவுக்கு ஒரு நூல் கட்டி அவன் பேரை எழுதித் தொங்கவிட்டோம். அந்தக் காயைக் கூட்டு வைத்தபோது அவன் அதுவரை தொடாத பீர்க்கங்காயை இரண்டு தடவை கேட்டுச் சாப்பிட்டான்.

இலைக்கு அடியில்

தினமும் காலையில் பத்து நிமிடம் ஒவ்வொரு செடியிலும் இரண்டு இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும். தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறதா? அப்படியானால் மேலே சாறு உறிஞ்சும் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை விடும் இனிப்புக் கழிவுக்குத்தான் எறும்பு வருகிறது. பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒன்றிரண்டு இடத்தில்தான் என்றால் பழைய பல் துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிடுங்கள், மருந்தே வேண்டாம்.

பரவிவிட்டால் வேப்பெண்ணெய். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும், முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, வெள்ளையாக மாறியதும் தண்ணீரில் சேர்க்கவேண்டும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை. உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துபோகும்.

கண்ணில் படும் பூச்சியையெல்லாம் கொல்லவும் வேண்டாம். 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பக்கம் தலைகாட்டித் தமிழ்நாடு முழுக்கப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை உலுக்கியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்தால் ஆகாததை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி செய்தது. பொறி வண்டையும் சிலந்தியையும் நான் தொடுவதே இல்லை.

உரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைக்கு ஒரு கை மண்புழு உரம், நடுவில் ஒருமுறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. அரிசி கழுவின தண்ணீர் தினமும் ஒரு பைக்கு என்று முறை வைத்து ஊற்றுகிறோம்.

பணம் மிச்சமாகுமா?

முதல் வருடம் ஆகாது. ஆறு பை, மண், உரம், விதை, செங்கல் எல்லாம் சேர்த்து நீங்கள் போடும் பணத்துக்குக் கீரை வாங்கினால் ஒரு வருடம் தின்னலாம். மிச்சம் பிடிக்கத் தோட்டம் போடுகிறேன் என்பவரை நான் தடுத்துவிடுவேன்.

நான் கண்ட லாபம் வேறு. வெட்டிப் பத்து நிமிடத்தில் சட்டியில் விழுகிற அரைக்கீரையின் மணம் சந்தையில் வாங்கும் கட்டில் கிடையாது. என்ன மருந்து அடித்தது, எப்போது அடித்தது என்று எனக்குத் தெரியும். ஓடும் வண்டியில் நின்றே 31 வருடம் போனதில் முட்டி இரண்டும் வலி. தினமும் ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்ததில் வலி போகவில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் இருந்த விறைப்பு குறைந்திருக்கிறது. நிழல்வலை கட்டிய பக்கத்துக்குக் கீழே உள்ள அறையில் சித்திரையிலும் மத்தியானம் படுக்க முடிகிறது. பக்கத்து வீட்டு அக்காவோடு பத்து வருடமாக 'சாப்பிட்டீங்களா' என்பதோடு சரி. இப்போது மிளகாய் இந்தச் சுவரைத் தாண்டிப் போகிறது, கறிவேப்பிலை அந்தச் சுவரைத் தாண்டி வருகிறது.

2020 ஊரடங்கில் காய்கறி வண்டி வராத நாட்களில் எங்கள் வீட்டில் தினமும் கீரைதான். பேரனுக்கு அலுத்துவிட்டது. எங்களுக்கு அலுக்கவில்லை.

வெயிலும் மழையும்

மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கும். அதற்கு முன்பே 50 சதவீத நிழல்வலையைக் கட்டிவிடுங்கள். மண்ணின் மேல் மூடாக்கு போடவேண்டும். எங்கள் தெருமுனைக் கரும்புச்சாறு வண்டியில் சக்கையைச் சும்மாவே தருகிறார்கள், இரண்டு நாள் காயவைத்துப் பரப்பினால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறைகிறது. காயவைக்காமல் போட்டால் எறும்புக்கு விருந்து. தண்ணீர் காலை எட்டு மணிக்குள். விடலாமா வேண்டாமா என்பதை விரல் சொல்லும். இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விடாதீர்கள். பூச்சியால் செத்த செடியைவிட, அன்பு மிகுந்து ஊற்றின தண்ணீரால் செத்த செடிதான் மாடிகளில் அதிகம். மழைக்காலத்தில் பையின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள்.

செடி ஓய்ந்ததும் மண்ணை எறிய வேண்டாம். வேரை எடுத்துவிட்டுத் தார்ப்பாயில் கொட்டி ஒரு வாரம் வெயிலில் கிளறிக் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது உரம் சேர்த்தால் அடுத்த பட்டத்துக்குத் தயார். கத்தரி இருந்த பையில் மறுபடி கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. கீரையோ அவரையோ போடுங்கள்.

நல்ல வெண்டைச் செடியில் ஒரு காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, காய்ந்து வெடிக்கும் முன் எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைக்கிறேன். கலப்பின விதையில் வந்த செடியென்றால் இது பலிக்காது, நாட்டு விதைக்கு மட்டும். டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் ரகமும் எடுத்த தேதியும். பேருந்தில் டிக்கெட் கணக்குச் சீட்டான இன்வாய்ஸ் எழுதிய கை, தேதி போடாமல் வைக்காது. போன பங்குனியில் எடுத்த விதை இரண்டு டப்பா இருக்கிறது, ஆடி பிறந்ததும் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு.